வெளிநாட்டு உயர்கல்வி: கணக்கெழுதிப் புறப்படுவோம்!

(செஞ்சியில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் அதிபதியாகிய அல்லாஹ்வுக்கே! அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

தேர்வு முடிவுகள் வெளிவரும் காலங்களில், ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பெற்றோர் சிலர் கையில் காகிதக் கட்டுடன் வந்து நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். “ஹஜ்ரத், பையனுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. பத்து நாட்களுக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். துஆச் செய்யுங்கள்” என்கிறார்கள். துஆச் செய்கிறோம். “அங்கே மாதம் ஒன்றுக்கு எவ்வளவு செலவாகும்? உதவித்தொகைக்கு விண்ணப்பித்தீர்களா?” என்று கேட்டால் மட்டும் பலரிடமிருந்து பதில் வருவதில்லை. வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போகத் தயாராக இருக்கிறது; தாயின் நகைகளும் தயாராக இருக்கின்றன. கணக்கு மட்டும் தயாராக இல்லை!

நம் ஊர்க் கோட்டையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பெருமை இதற்குண்டு. 1690 முதல் 1698 வரை நீடித்த முற்றுகையை இக்கோட்டை தாங்கி நின்றது மதில்களால் மட்டுமா? ராஜகிரி மலையடிவாரத்தில் இன்றும் நிற்கும் பெரும் தானியக் களஞ்சியத்தையும், மலைகளுக்கிடையே வெட்டப்பட்ட குளங்களையும் பாருங்கள். உள்ளே இருப்பவன் எத்தனை மாதம் உண்ண வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கட்டியவர்கள் முன்கூட்டியே எண்ணியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் கோட்டை வாசலைப் போன்றது. வாழ்க்கைச் செலவுக்கான ஏற்பாடே களஞ்சியம். வாசல் திறந்துவிட்டது என்பதற்காகக் களஞ்சியம் இல்லாமல் உள்ளே நுழைபவன் எத்தனை நாள் தாங்குவான்?

திட்டமிடுதல் தவக்குலுக்கு எதிரானதல்ல

“அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று சொல்லிக் கணக்கைத் தவிர்ப்பவர்கள் நம்மிடையே உள்ளனர். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும், ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று வினவிய தோழரிடம், முதலில் கட்டிவிட்டுப் பின்னர் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் மறந்துவிடலாகாது. நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமித்து, பஞ்சமான ஏழு ஆண்டுகளைக் கடக்க அவர்கள் வழிகாட்டினார்கள். வருங்காலத்துக்கு ஒரு நபி போட்ட செலவுத் திட்டம் அது.

ஒரு தமிழ் மாணவரின் வரலாறு

நம் தமிழகத்திலிருந்து உதவித்தொகை பெற்றுக் கடல் கடந்து சென்றவர்களுள் புகழ்மிக்கவர் கணித மேதை இராமானுஜன். அவரது மேதைமையை அனைவரும் பேசுவர். அவருடைய பயணத்தின் வரவு செலவை நாம் பார்ப்போம். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்தார் அவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணிதத் தேற்றங்களை எழுதியனுப்பினார். கப்பலேறியதோ 1914 மார்ச் 17ஆம் நாள். இடையே பதினான்கு மாதங்கள்! அந்தக் காலத்தில் நடந்தவை யாவை? அவரது கணக்குகளை நேரில் பார்த்த வானிலை ஆய்வுத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அரசின் உயர் மட்டத்துக்கு எழுதினார். முதலில் உள்ளூரிலேயே மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அதன் பின்னரே, பயணச் செலவு நீங்கலாக ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் வெளிநாட்டு உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் வழங்கியது. அந்த 250 பவுண்டில் 50 பவுண்டு ஊரிலிருந்த குடும்பத்தின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு ஆண்டுக்கு 60 பவுண்டு அளித்தது.

கவனியுங்கள்! கல்விச் செலவு, பயணச் செலவு, ஊரிலுள்ள குடும்பத்தின் செலவு ஆகிய மூன்றும் கப்பல் ஏறுமுன்பே எழுதி முடிக்கப்பட்டன. ஒரு விஷயம் மட்டும் எழுதப்படவில்லை. அது உணவு. சைவ உணவை மட்டுமே உண்டு, தாமே சமைத்துக்கொண்ட அவர், 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டபின் காய்கறிகளுக்கே தட்டுப்பாடு கண்டார். 1917இல் கடும் நோயில் வீழ்ந்தார். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். அவரது நோய்க்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஒழுங்கான உணவின்மையும் அவற்றுள் ஒன்றாகவே கூறப்படுகிறது. ஹலாலான உணவை மட்டுமே உண்ணும் நம் பிள்ளைகளுக்கு இதில் படிப்பினை இல்லையா? பணக் கணக்கில் உணவுக்கும் உடல்நலத்துக்கும் முதலிடம் கொடுங்கள். மகனாயினும் மகளாயினும் விமானம் ஏறுமுன் ஆறு மாதம் வீட்டு அடுப்படியில் சமைத்துப் பழகட்டும்.

எழுத வேண்டிய கணக்கு

ஒரு முழுத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு.

செலவில் முதலாவது, கல்விக் கட்டணம். இரண்டாவது, வாழ்க்கைச் செலவு: வாடகை, உணவு, போக்குவரத்து, மருத்துவக் காப்பீடு, குளிர்கால உடை. மூன்றாவது, புறப்படும் முன் ஆகும் செலவு: மொழித்தேர்வு, விண்ணப்பக் கட்டணம், விசா, விமானச் சீட்டு. நான்காவது, அறைக்கான முன்பணமும் முதல் இரண்டு மாதச் செலவும். உதவித்தொகை பெற்றவருக்கும் இது தேவைப்படும். ஏனெனில் பெரும்பாலும் அங்கே வங்கிக் கணக்குத் திறந்த பிறகே முதல் தவணை வந்து சேரும். ஐந்தாவது, எதிர்பாராத செலவுக்கென மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு.

இந்தப் பத்தில் ஒரு பங்கு எதற்கு? 2014இல் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 60 ரூபாய் கொடுத்தோம். 2025 டிசம்பரில் அது 90 ரூபாயைத் தாண்டியது. நாம் ரூபாயில் சேமிக்கிறோம். பிள்ளை டாலரிலோ யூரோவிலோ செலவழிக்கிறது. இரண்டாண்டுப் படிப்பின் இடையே ரூபாயின் மதிப்பு சரிந்தால், அந்த இடைவெளியை யார் நிரப்புவது?

வாழ்க்கைச் செலவு எவ்வளவு என்பதை ஊகிக்கத் தேவையில்லை. அந்தந்த நாட்டு அரசே விசாவுக்காக ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. ஜெர்மனியில் 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ, அதாவது ஆண்டுக்கு 11,904 யூரோ, ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் முடக்கக் கணக்கில் முன்கூட்டியே செலுத்தியாக வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே இது 12 இலட்சத்தை நெருங்கும். மாதந்தோறும் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். அந்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மையே. ஆயினும் பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்கப்படுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் இத்தகைய மாணவரிடம் கட்டணம் வாங்குகிறது. “ஜெர்மனியில் எல்லாம் இலவசம்” என்று ஒருவர் சொன்னால், “எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேளுங்கள்.

பிரிட்டனில் 2025 நவம்பர் முதல், இலண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, இலண்டனில் 1,529 பவுண்டு என்ற கணக்கில் ஒன்பது மாதம் வரைக்குமான தொகையைக் காட்ட வேண்டும். இலண்டனுக்கு வெளியே என்றால் 10,539 பவுண்டு; இலண்டன் என்றால் 13,761 பவுண்டு. இந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். இவை போக, மருத்துவத்துக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. கல்விக் கட்டணம் தனி!

“பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துவிடுவான்” என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஆறுதல். பிரிட்டனில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்களே. அந்த வேலையும் வந்திறங்கிய மறுநாளே காத்திருப்பதில்லை. கிடைத்தாலும் மது பரிமாறும் கடையாக இருந்தால் நம் பிள்ளை என்ன செய்யும்? பணத் தேவையின் நெருக்கடியில் ஹராமான வேலைக்குள் தள்ளப்பட்டபின் அறிவுரை கூறிப் பயனென்ன? எனவே வரவுப் பக்கத்தில் பகுதிநேர வேலையை எழுதாதீர்கள். அது கிடைத்தால் மேலதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை எங்கெங்கே உள்ளது?

உதவித்தொகை என்பது ஏழைக்குப் போடும் பிச்சையன்று. தகுதிக்கு ஒதுக்கப்பட்ட பங்கு. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் அதற்கென ஒரு காலம் உண்டு. படிப்பு தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே பெரும்பாலான கதவுகள் திறந்து, நாம் விழிப்பதற்குள் மூடிவிடுகின்றன.

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு வழக்கமாக ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்புகளின் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். ஜெர்மனியில் 1925இல் நிறுவப்பட்ட டி.ஏ.ஏ.டி. அமைப்பு, வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கு உதவுகிறது. அதற்கும் இரண்டாண்டுப் பணி அனுபவம் தேவை. அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்–நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்றாண்டு அனுபவம் வேண்டும். துருக்கி அரசின் உதவித்தொகைக்கு வழக்கமாக ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணமே கிடையாது.

இவற்றில் ஓர் உண்மை ஒளிந்திருப்பதைக் கண்டீர்களா? பல உதவித்தொகைகள் பணி அனுபவம் கேட்கின்றன. பட்டம் பெற்ற மறுமாதமே கடன் வாங்கி அனுப்புவதைவிட, ஈராண்டு உள்ளூரில் வேலை பார்த்து, சிறிது சேமித்து, முழு உதவித்தொகையுடன் அனுப்புவது எவ்வளவு மேலானது! அந்த இரண்டாண்டு வீணன்று. அதுவே களஞ்சியம் நிரப்பும் காலம்.

நம் சமுதாயத்துக்கென உள்ள வாய்ப்புகளையும் அறிந்துகொள்ளுங்கள். ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, உறுப்பினரல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் மாணவர்களுக்கு 1983 முதல் உதவித்தொகை வழங்கி வருகிறது. நம் மாநில அரசு 2025இல், வெளிநாட்டில் முதுகலை பயிலும் முஸ்லிம் மாணவ, மாணவியர் 10 பேருக்குத் தலா 36 இலட்சம் ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. இவ்வாண்டின் விதிகளையும் கடைசி நாளையும் விழுப்புரத்திலுள்ள மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் நேரில் சென்று கேளுங்கள். மத்திய அரசின் ‘படோ பர்தேஷ்’ திட்டமும், மௌலானா ஆசாத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகையும் 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டன. பழைய தாளைக் காட்டி அவற்றைப் பெற்றுத் தருவதாக யாரேனும் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பம் எழுதும் முறை

நபி (ஸல்) அவர்களின் கட்டளைக்கிணங்க ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார்கள். நம் பிள்ளைகள் ஆங்கில மொழித்தேர்வுக்கு ஆறு மாதம் ஒதுக்கக் கூடாதா? மொழித்தேர்வு மதிப்பெண் கைக்கு வந்த பிறகே விண்ணப்பத்தில் வலு ஏறும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் கேட்பதைவிட, பிள்ளையின் வேலையை நேரில் அறிந்த ஆசிரியரிடம் கேளுங்கள். இராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் எழுதியதால்தான் அக்கடிதங்கள் எடுபட்டன. ஆசிரியருக்கு இரண்டு மாத அவகாசமாவது கொடுங்கள். “நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன், படித்தபின் என்ன செய்வேன்” என்ற கட்டுரையைப் பிள்ளையே எழுதட்டும். கடையில் விலைக்கு வாங்கிய கட்டுரையில் வார்த்தைகள் அழகாக இருக்கும். நேர்முகத்தில் முதல் கேள்விக்கே அது நிற்காது. பிறப்புச் சான்றிதழிலும், பள்ளிச் சான்றிதழிலும், பாஸ்போர்ட்டிலும் பெயரின் எழுத்து வெவ்வேறாக இருப்பது நம் வீடுகளில் வெகு சாதாரணம். தகப்பனார் பெயர் ஒன்றில் முன்னே, மற்றொன்றில் பின்னே! அதைத் திருத்தும் வேலையை இன்றே தொடங்குங்கள். ஜெர்மனிக்குச் செல்வோர் 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். எனும் சான்றிதழ் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டியுள்ளது.

மகள் என்பதற்காக விண்ணப்பத் தாளையே மறைத்துவிடாதீர்கள். அவளது பயணம், தங்குமிடம், துணை ஆகியவை குறித்த மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யலாம். விண்ணப்பமே போடாமல் இருப்பது முடிவன்று, அலட்சியம்.

வட்டியும் பொய்ச் சான்றும்

கணக்கு எழுதாததன் விளைவு எங்கே போய் முடிகிறது? கடைசி வாரத்தில் வட்டிக்காரர் வீட்டு வாசலில்! விசாவுக்காக 28 நாட்களுக்கு மட்டும் வங்கியில் பணம் போட்டுக் காட்டி, அதற்கு வட்டி வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். போலி வங்கிச் சான்றும் தருகிறார்கள். அன்பர்களே! வட்டியைப் பற்றி அல்லாஹ் விடுத்துள்ள எச்சரிக்கையை இம்மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். பொய்ச் சான்று பிடிபட்டால் பிரிட்டனுக்குள் நுழையவே பத்தாண்டு வரை தடை விதிக்கப்படும். பிடிபடாவிட்டால்? காட்டிய பணம் தரகரிடம் திரும்பிவிட, வெறுங்கையுடன் பிள்ளை அந்நிய நாட்டில் இறங்கும். கல்வி எனும் புனிதப் பயணத்தின் முதல் அடியே பொய்யாகவும் வட்டியாகவும் இருந்தால் அதில் பரக்கத் எங்கிருந்து வரும்?

வட்டியில்லா வழிகளும் உண்டு. மும்பையிலுள்ள கே.சி. மஹிந்திரா கல்வி அறக்கட்டளை, வெளிநாட்டில் முதுகலை பயில்வோருக்கு 1956 முதல் வட்டியில்லாக் கடனாகவே உதவித்தொகை அளிக்கிறது. உறவினரிடம் வாங்குவதாயின் அதை எழுத்தில் வையுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனைச் சாட்சிகளுடன் எழுதி வைப்பதைப் பற்றியதல்லவா? “மாமாவிடம் வாங்கியதற்கு எழுத்து எதற்கு?” என்று விட்ட கடன்களே பின்னாளில் மாமா வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் செய்கின்றன.

ஜமாஅத்தின் கடமை

இது பெற்றோரின் கடமை மட்டுமன்று, மஹல்லாவின் கடமையுமாகும். இஸ்லாமிய வளர்ச்சி வங்கி தன் உதவித்தொகையை ‘கர்ளே ஹஸனா’ எனும் அழகிய கடனாக அமைத்தது. படித்து வேலைக்குச் சென்றவர் சிறுகச் சிறுகத் திருப்பிச் செலுத்துவார்; அந்தத் தொகை அடுத்து வரும் மாணவருக்குப் பயன்படும். நம் ஜமாஅத்துகளும் சிறிய அளவில் இதைச் செய்ய இயலாதா? 36 இலட்சம் வேண்டாம். மொழித்தேர்வுக் கட்டணம், விமானச் சீட்டு, முதல் இரண்டு மாத வாடகை, இவற்றுக்கு ஒரு நிதி போதும். முழு உதவித்தொகை கிடைத்தும் இந்தச் சிறு தொகை இல்லாமல் ஒரு பிள்ளை நின்றுபோனால், மஹல்லாவிலுள்ள நாம் அனைவரும் பதில் சொல்ல வேண்டியவர்களாவோம். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் சகோதரர்களும், படித்து உயர்ந்த இளைஞர்களும் இதற்கு முன்வர வேண்டும். ஜகாத்தின் எட்டுப் பங்குதாரர்களில் கடனாளியும் வழிப்போக்கரும் உள்ளனர். யாருக்கு எந்த நிலையில் தரலாம் என்பதை உலமாக்களிடம் தெளிவுபடுத்திக்கொண்டு செயல்படுங்கள்.

இராமானுஜனின் வரலாற்றில் மற்றொரு செய்தி உண்டு. 1919இல் சென்னைப் பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்தபோது, நோயில் கிடந்த அவர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெற்றோருக்கு 50 பவுண்டு தந்து, தம் தேவைக்குப் போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளும் அநாதைகளும் படிப்பதற்குச் செலவிடுமாறு அதில் கேட்டுக்கொண்டார். உதவி பெற்றுப் படித்தவர், அடுத்தவர் படிக்க வழிவிட நினைத்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நாம் இதில் பின்தங்கலாமா?

பெற்றோரே! இவ்வாரமே பிள்ளையை அருகில் அமர்த்தி, அந்த ஒரு தாளில் செலவையும் வரவையும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் எவ்வளவு என்று தெரிந்தபின், உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள், ஜமாஅத்திடம் கேளுங்கள், தேவையானால் ஓராண்டு காத்திருங்கள். பள்ளத்தின் ஆழம் தெரிந்தவன் பாலம் கட்டுவான். தெரியாதவன் விழுவான்.

வல்ல ரஹ்மான் நம் மக்களுக்குப் பயன்தரும் கல்வியையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும், கடனின் சுமையிலிருந்து பாதுகாப்பையும் நல்கியருள்வானாக! கல்வி தேடி அந்நிய நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகளின் ஈமானையும் உடல்நலத்தையும் காத்தருள்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!